ரெக்கார்டு பத்திரமா இருக்கு, ரூம் தான் இல்ல: டெல்டா ப்ளூஸ் இன்னைக்கு எங்க நிக்குது

1964-ல நடந்தது இது. சன் ஹவுஸ்னு ஒரு ப்ளூஸ் பாடகர், ப்ளூஸ்னா அமெரிக்காவோட தெற்குல கறுப்பின மக்கள்கிட்ட பொறந்த பாட்டு. மிசிசிப்பி டெல்டாக்காரர், 1930-லயே ரெக்கார்டு கொடுத்தவர், பின்னாடி பெரிய பேர் வாங்கின ராபர்ட் ஜான்சனும் மட்டி வாட்டர்ஸும் யாரைப் பாத்து கத்துக்கிட்டாங்களோ அந்த ஆளு. அவரைத் தேடி மூணு வெள்ளைக்காரப் பசங்க கார் எடுத்துக்கிட்டு டெல்டா பூரா சுத்தி, விசாரிச்சு விசாரிச்சு, கடைசில நியூயார்க் மாநிலத்துல ராச்செஸ்டர்ங்கற ஊர்ல ஒரு அபார்ட்மெண்ட்ல அவரைக் கண்டுபிடிக்கிறாங்க. மனுஷன் 1943-லயே ஊரை விட்டு வந்துட்டார், ரயில்வேல வேலை பாத்துக்கிட்டு இருந்திருக்கார், கிட்டாரைத் தொட்டு வருஷக்கணக்குல ஆச்சு. வாசிக்கச் சொன்னா கை வரல. அவரோட பாட்டே அவருக்கு மறந்து போயிருந்துச்சு. அப்புறம் ஆலன் வில்சன்னு இருபது வயசு சொச்சத்துல ஒரு பையன், பின்னாடி கேன்ட் ஹீட் பேண்ட் ஆரம்பிச்சவன், பழைய ரெக்கார்டையெல்லாம் கேட்டுக் கேட்டு கையில ஏத்தி வச்சிருந்தவன், அவர் பக்கத்துல உக்காந்து நீங்க 1930-ல இப்படி வாசிச்சீங்க, 1942-ல இப்படி வாசிச்சீங்கன்னு அவருக்கே வாசிச்சுக் காட்டி, அவர் பாட்டை அவருக்கே திரும்பக் கத்துக் கொடுத்தான்.

இந்தக் கதைய சொல்றவங்க பெரும்பாலும், பாத்தீங்களா, ரெக்கார்டு இருந்ததால தான் பாட்டு பொழச்சுதுன்னு முடிச்சிருவாங்க. அது தப்புன்னு சொல்ல வரல. ஆனா எனக்கு இதுல உறுத்துறது வேற. ஒரு மனுஷன் தானே உண்டாக்கின பாட்டை எப்படி மறப்பான்? ராச்செஸ்டர்ல அவருக்கு சனிக்கிழமை ராத்திரி போய் வாசிக்க ஒரு ரூம் இல்ல, முன்னாடி ஆட ஆள் இல்ல, கூட ரெண்டாவது கிட்டார் வாசிச்ச கூட்டாளி வில்லி பிரவுன் 1952-லயே போய்ட்டார், அதோட கதை முடிஞ்சுது. டெல்டா ப்ளூஸைக் காப்பாத்தணும்னு இன்னைக்கு நிறைய பேர் பேசறாங்க, காசும் செலவு பண்றாங்க, ஆனா எதைக் காப்பாத்தறோம்ங்கறதுல தான் குழப்பம். பாட்டையா, இல்ல அந்தப் பாட்டை உயிரோட வச்சிருந்த ரூமையா? நான் ரூம்னு தான் சொல்லுவேன், ஏன்னு விவரமா சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம், டெல்டான்னதும் ஆறு கடல்ல போய் சேர்ற எடம்னு நெனச்சுக்காதீங்க. மிசிசிப்பி ஆறு கடல்ல கலக்கறது இன்னும் ரொம்ப தெற்கே. இங்க டெல்டான்னு சொல்றது மிசிசிப்பி மாநிலத்தோட வடமேற்குல, மிசிசிப்பி ஆத்துக்கும் யாசூ ஆத்துக்கும் நடுவுல இருக்கற வண்டல் பூமி. மெம்ஃபிஸ்ல இருந்து விக்ஸ்பர்க் வரைக்கும் தட்டையா கிடக்கற கரிசல் மாதிரியான மண்ணு, பருத்திக்குன்னே அமைஞ்ச மண்ணு. உள்நாட்டுப் போருக்கு அப்புறம் காட்டை வெட்டி, சதுப்பை வடிச்சு, பெரிய பெரிய பண்ணைங்க வந்துச்சு. அதுல உழைச்சது பூரா கறுப்பின மக்கள், பேருக்கு அடிமை இல்ல ஆனா வாரக்குத்தகை, அதாவது விளைச்சல்ல பாதி எனக்கு பாதி உனக்குன்னு பேசிட்டு விதை, உரம், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் பண்ணையார் கடைலயே கடன் வாங்கி, வருஷக் கடைசில கணக்கு பாத்தா கடன் தான் மிஞ்சும். அந்த மாதிரி பண்ணைல ஒண்ணு தான் டாக்கரி பண்ணை, 1895-ல ஆரம்பிச்சது. சார்லி பேட்டன் அங்க தான் வளந்தார், ஹவ்லின் வுல்ஃப் அவர்கிட்ட கத்துக்கிட்டது அங்க, பாப்ஸ் ஸ்டேபிள்ஸ் இருந்ததும் அங்க. ஒரே ஒரு பண்ணைல இருந்து இத்தனை பெரிய பாடகர்ங்க வந்தாங்கன்னா அது ஏதோ மண்ணோட மாயம்னு சொல்லிடலாம், ஆனா காரணம் ரொம்ப எளிமை, நூத்துக்கணக்குல ஜனங்க ஒரே எடத்துல இருந்தாங்க, சனிக்கிழமை ராத்திரி அவங்களுக்கு ஆடணும்.

ஆடறதுக்கான எடம் தான் ஜூக் ஜாயிண்ட். ஜூக்ங்கறது தெற்கு கரோலினா, ஜார்ஜியா கடலோரத்து கறுப்பின மக்களோட பேச்சுல இருந்து வந்த வார்த்தைன்னு சொல்றாங்க, அடங்காத, ஒழுங்குக்கு வராதங்கற மாதிரி அர்த்தம். ஜூக்பாக்ஸ்ங்கற பேரும் இதுல இருந்து வந்தது தான். ஆரம்பத்துல தனியா கட்டடமெல்லாம் இல்ல, யாராவது ஒரு குத்தகைக்காரர் வீட்டுல கட்டிலைத் தூக்கி வெளிய போட்டுட்டு, மீன் வறுத்து, கள்ளச்சாராயம் ஊத்தி, மூலைல ஒருத்தர் கிட்டாரோட உக்காந்தா அது தான் ஜூக். மிசிசிப்பில 1966 வரைக்கும் மதுவிலக்கு, அமெரிக்காவுல கடைசியா மதுவிலக்கை எடுத்த மாநிலம் அது தான், அதனால ஜூக் நடத்துறதே போலீஸுக்கும் பண்ணையாருக்கும் நடுவுல கயித்து மேல நடக்கற பொழப்பு. வெள்ளைக்காரங்க ஓட்டலுக்குள்ள போக முடியாது, சர்ச்சுல இது சாத்தான் பாட்டுன்னு திட்டுவாங்க, வாரம் பூரா முதுகு ஒடிய பருத்தி எடுத்தவங்களுக்கு தங்களோடதுன்னு சொல்லிக்க இருந்த ஒரே ரூம் இது.

இப்ப அந்த ரூம் பாட்டுக்கு என்ன பண்ணுச்சுன்னு பாருங்க, இது தான் எனக்கு முக்கியமான விஷயம். புக்ல படிச்சா ப்ளூஸ்னா பன்னெண்டு பார், மூணு கார்டுன்னு இருக்கும், பார்னா தாளத்தோட ஒரு சுத்து, கார்டுன்னா சேத்து மீட்டற ஸ்வரக் கூட்டு. டெல்டா ப்ளூஸை அப்படி எண்ணிப் பாத்தீங்கன்னா கணக்கு ஒதைக்கும். ஒரு வரிக்கு ரெண்டரை பார் வரும், அடுத்த வரிக்கு மூணே கால் வரும், ஒரு எடத்துல ஒரு பீட் கூட, ஒரு எடத்துல ஒரு பீட் கம்மி. ஜான் லீ ஹூக்கர்ங்கற ப்ளூஸ்காரர் கூட வாசிக்கப் போன எத்தனையோ நல்ல நல்ல பேண்ட்காரங்க எங்க கார்டு மாத்தறதுன்னு தெரியாம திணறியிருக்காங்க. இது தாளம் தெரியாததால இல்ல. ஒரே ஆள், ஒரே கிட்டார், கட்டைவிரல் பேஸ் போட்டுக்கிட்டே இருக்கும், மத்த விரல் மேல் ஸ்ட்ரிங்ல குரலுக்கு பதில் சொல்லும், அவருக்கு யாரையும் ஒத்துப் போக வேண்டிய அவசியம் இல்ல, எதிர்ல ஆடறவங்களோட காலை மட்டும் பாத்தா போதும். ஆட்டம் சூடு பிடிச்சா அதே வரிய திரும்பப் போடுவார், ரெண்டு பேர் நடுவுல சண்டை வர்ற மாதிரி இருந்தா டெம்போவை இழுத்து விடுவார், ஒரு பாட்டு கால் மணி நேரம், அரை மணி நேரம்னு போகும். ஆனா அன்னைக்கு 78 ஆர்.பி.எம் தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம் தான் புடிக்கும். ராபர்ட் ஜான்சன் 1936-லயும் 1937-லயும் டெக்சாஸ்ல கொடுத்த 29 பாட்டும் அந்த மூணு நிமிஷத்துக்கு வெட்டிக் கொடுத்தது தான், அவர் ஜூக்ல எப்படி வாசிச்சார்னு நமக்குக் காட்ட ஒரு தட்டு கூட கிடையாது. நம்ம கைல இருக்கறது அந்தப் பாட்டோட பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

அந்த ரூமை முதல்ல காலி பண்ணது ஒரு மிஷின். 1944 அக்டோபர் 2, டெல்டாவுல கிளார்க்ஸ்டேல்ங்கற ஊர் பக்கத்துல ஹாப்சன் பண்ணைல இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியோட பருத்தி எடுக்கற மிஷினை ஊரே கூடி வேடிக்கை பாத்துச்சு. பண்ணையார் போட்ட கணக்குப்படி கையால ஒரு பேல், அதாவது ஒரு பெரிய பொதி பருத்தி எடுக்க 39 டாலர் 41 சென்ட், மிஷின்ல எடுத்தா 5 டாலர் 26 சென்ட், ஒரு மிஷின் அம்பது பேர் வேலைய பாத்துச்சு. இதைப் படிக்கும் போதெல்லாம் எனக்கு அந்த அம்பது பேர் தான் கண்ணுக்கு வருவாங்க, ஏன்னா ஜூக்ல ஆடினவங்களும் அவங்க தான், காசு கொடுத்தவங்களும் அவங்க தான், அவங்க புள்ளைங்க தான் மூலைல உக்காந்து கிட்டாரைப் பாத்துக்கிட்டு இருந்தது. ஏற்கனவே ஜனங்க இல்லினாய் சென்ட்ரல் ரயில் புடிச்சு சிகாகோ போக ஆரம்பிச்சிருந்தாங்க, மட்டி வாட்டர்ஸ் 1943-லயே ஸ்டோவல் பண்ணைல டிராக்டர் ஓட்டற வேலைய விட்டுட்டுப் போய்ட்டார், மிஷின் வந்ததும் போக்கு இன்னும் வேகமாச்சு. 1970 வரைக்கும் தென்மாநிலங்கள்ல இருந்து கிட்டத்தட்ட 60 லட்சம் கறுப்பின மக்கள் வெளிய போனாங்க. சிகாகோ கிளப் சத்தத்துக்கு ஈடு கொடுக்க கிட்டார் எலக்ட்ரிக் ஆச்சு, டிரம்ஸ் வந்துச்சு, பேண்ட் ஆச்சு, பேண்ட் ஆனதும் பார் எல்லாம் ஒழுங்கா பன்னெண்டாச்சு. அதுவும் பிரமாதமான இசை தான், ஆனா அது அடுத்த வீடு.

டெல்டாவுல மிச்சம் இருந்தவங்களும் ஜூக்கும் அதுக்கப்புறமும் ரொம்ப நாள் தாக்குப் புடிச்சாங்கங்கறது தான் ஆச்சரியம். ஆத்துக்கு அந்தப் பக்கம் அர்கன்சா மாநிலத்துல ஹெலினா ஊர்ல கே.எஃப்.எஃப்.ஏ ரேடியோல 1941 நவம்பர்ல கிங் பிஸ்கட் டைம்னு ஒரு நிகழ்ச்சி ஆரம்பிச்சுது, மாவு விக்கறதுக்காக, மதியம் சரியா வயல்ல சாப்பாட்டு நேரத்துக்கு வரும். சன்னி பாய் வில்லியம்சனும் ராபர்ட் லாக்வுட்டும் லைவா வாசிப்பாங்க, நடுவுல இன்னைக்கு ராத்திரி இந்த ஊர்ல இந்த எடத்துல வாசிக்கறோம்னு சொல்லுவாங்க. அதாவது ரேடியோவே ரூமுக்கு ஆள் சேத்து விடற வேலைய பாத்துச்சு. இன்னைக்கு ஒரு பாட்டு யூட்யூப்ல லட்சம் வியூ போகுது, ஆனா கிரீன்வில் நெல்சன் தெருவுல ஒரு கதவு கூட அதனால திறக்கல. ஒரு காலத்துல டெல்டாலயே பெரிய கிளப் தெரு அது, வரிசையா கிளப்பா இருந்த எடம், இப்ப பெரும்பாலும் பூட்டிக் கிடக்கு.

கடைசி முப்பது வருஷத்துல ஏன் இத்தனை ஜூக் மூடிச்சுன்னு கேட்டா ஆளுக்கொரு காரணம் சொல்லுவாங்க, எல்லாமே உண்மை தான். 1992-ல பக்கத்துல ட்யூனிக்காங்கற எடத்துல சூதாட்ட கேசினோ வந்துச்சு, ஏசி, மலிவு விலைல சாப்பாடு, பெரிய மேடை, வெள்ளிக்கிழமை சம்பளம் அங்க போக ஆரம்பிச்சுது. லைவ் ஆளுக்கு கொடுக்கற காசுல ஒரு டி.ஜே-வை வச்சு மாசம் பூரா ஓட்டிடலாம். ஊர்ல ஜனமே குறைஞ்சு போச்சு, கிளார்க்ஸ்டேல்ல 1970-ல 21,000 பேருக்கு மேல இருந்தாங்க, 2020-ல 15,000-க்கும் கீழ. இன்னொன்னும் நேர்மையா சொல்லணும், உள்ளூர் கறுப்பின ஜனங்களோட ரசனை மாறிடுச்சு, அவங்க கேக்கறது சதர்ன் சோல்ங்கற வேற வகைப் பாட்டு, அதுக்கு தான் ஆடறாங்க. ஒத்தை கிட்டார் டெல்டா ப்ளூஸ்னா நிறைய பேருக்கு தாத்தா காலத்துப் பாட்டு, அதோட அந்த வாரக்குத்தகை அவமானத்தோட ஞாபகமும் ஒட்டிக்கிட்டு வரும். அவங்க அதைக் கேக்கலன்னு வெளிய இருந்து யாரும் குறை சொல்ல முடியாது, எனக்கும் அந்த உரிமை இல்ல.

ஆனா எல்லாத்துக்கும் மேல ஒரு காரணம் இருக்கு, அது பெருசா யாரும் பேசறதில்ல. ஜூக் ஜாயிண்ட்ங்கறது ஒரு கம்பெனி இல்ல, ட்ரஸ்ட் இல்ல, அது ஒரு ஆள். அந்த ஆள் செத்தா கடை செத்துச்சு.

போ மங்கீஸ் லவுஞ்ச் கதைய பாருங்க. மெரிகோல்ட்ங்கற சின்ன ஊருக்கு வெளிய, பருத்தி வயலுக்கு நடுவுல மண் ரோட்டு மேல, பழைய குத்தகைக்காரர் குடிசை அது. பலகையும் தகரமும் போட்டு ஒட்டுப் போட்ட சுவரு, உள்ள தாழ்வான கூரை, கூரை பூரா சீரியல் லைட்டும் தொங்கற குரங்கு பொம்மையும். வில்லி சீபெரிங்கறவர் 1963 வாக்குல ஆரம்பிச்சது, அவர் பட்டப்பேரு தான் போ மங்கி. பகல்ல அதே பண்ணைல டிராக்டர் வேலை, ராத்திரி அங்கயே ஒரு ரூம்ல தூக்கம், வியாழக்கிழமை ராத்திரி மட்டும் கலர் கலரா கோட்டு சூட்டு மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு கூட்டத்துக்கு நடுவுல வலம் வருவார். பக்கத்து ஊர் காலேஜ் பசங்க, வயல் வேலைக்காரங்க, ஜப்பான்ல இருந்து வந்த டூரிஸ்ட் எல்லாம் ஒரே ரூம்ல. அங்க பெரும்பாலும் டி.ஜே தான், லைவ் எப்பவாவது, அப்படி இருந்தும் டெல்டாவுல இருந்த கடைசி கிராமத்து ஜூக்ல ஒண்ணுன்னு 2009-ல அரசாங்கம் வாசல்ல மார்க்கர், அதாவது வரலாறு சொல்ற போர்டு, நட்டுச்சு. 2016 ஜூலைல சீபெரி இறந்தார். அவரோட ஜூக்கும் அதோட நின்னுச்சு. நிலம் பண்ணைக் குடும்பத்தோடது, கட்டடம் அவர் பேர்ல இல்ல, உள்ள இருந்த பொம்மை, லைட்டு, போர்டு, சாமான் எல்லாம் 2018-ல ஏலத்துக்குப் போச்சு. ஐம்பது வருஷத்துக்கு மேல வாராவாரம் நடந்த ஒரு எடம், அதை இன்னொருத்தர் கைல கொடுக்க ஒரு துண்டு பேப்பர் கூட இல்ல. எனக்கு இதுல வர்ற வருத்தம் கொஞ்ச நஞ்சம் இல்ல, ஏன்னா அந்த மார்க்கரை நட்ட நாள்லயே யாராவது அந்த கட்டடத்தோட எதிர்காலம் என்ன, அவருக்கப்புறம் யாருன்னு உக்காந்து பேசியிருக்கலாம், ஏழு வருஷம் இருந்துச்சு.

மார்க்கர் வேலைய நான் கொறச்சு சொல்லல. மிசிசிப்பி ப்ளூஸ் ட்ரெய்ல்னு 2006-ல ஆரம்பிச்சாங்க, முதல் போர்டு ஹாலி ரிட்ஜ்ல சார்லி பேட்டன் சமாதி பக்கத்துல, இப்ப 200-க்கு மேல இருக்கு. ஊருக்கே தெரியாம இருந்த வரலாற்றை ரோட்டோரத்துல கொண்டு வந்து நிறுத்தினது பெரிய வேலை, அதுக்கு முன்னாடி நிறைய பாடகர்களுக்கு சமாதில ஒரு கல்லு கூட இல்ல. ஆனா நிறைய போர்டு நிக்கறது காலி மனைக்கு முன்னாடி. மியூசியமும் அப்படித்தான், ஒவ்வொண்ணும் அருமை. கிளார்க்ஸ்டேல் டெல்டா ப்ளூஸ் மியூசியம் 1979-ல ஊர் லைப்ரரிக்காரங்க ஆரம்பிச்சது, இப்ப பழைய ரயில்வே சரக்கு டிப்போல இருக்கு, மட்டி வாட்டர்ஸ் இருந்த குடிசையோட மரத்தையே உள்ள கொண்டு வந்து வச்சிருக்காங்க. இண்டியானோலால 2008-ல பி.பி. கிங்ங்கற பெரிய ப்ளூஸ் கிட்டார்காரர் பேர்ல மியூசியம், க்ளீவ்லேண்ட்ல 2016-ல கிராமி மியூசியம். பகல்ல பாக்க எடம் நிறைய ஆயிடுச்சு, ராத்திரி வாசிக்க எடம் தான் குறைஞ்சுக்கிட்டே வருது.

இதுல கிளார்க்ஸ்டேல் வேற மாதிரி யோசிச்ச ஊரு. 2001-ல நடிகர் மார்கன் ஃப்ரீமனும் உள்ளூர் வக்கீல் பில் லக்கெட்டும் கூட்டாளிங்களோட சேந்து பழைய கட்டடத்துல கிரவுண்ட் ஜீரோ ப்ளூஸ் கிளப் ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் ரோஜர் ஸ்டோல்ங்கறவர் வேலைய விட்டுட்டு வந்து கேட் ஹெட்னு ஒரு ப்ளூஸ் ரெக்கார்டு கடை போட்டார், 2004-ல ஜூக் ஜாயிண்ட் ஃபெஸ்டிவல். இவங்க புடிச்ச புள்ளி சரியான புள்ளின்னு நான் நெனைக்கறேன்: ஒரு டூரிஸ்ட் செவ்வாக்கிழமை வந்தாலும் ஊர்ல எங்கயாவது ஒரு எடத்துல லைவ் இருக்கணும், அப்ப தான் அவர் ஒரு ராத்திரி தங்குவார், தங்கினா தான் ஓட்டல், சாப்பாடு, வாசிக்கறவருக்கு கூலி எல்லாம் ஓடும். வாரத்துல ஏழு நாளும் லைவ்னு சொல்ற அளவுக்கு கொண்டு வந்தாங்க, அந்த சைஸ் ஊருக்கு அது சாதாரண விஷயமே இல்ல. 2025-ல 1932 கிளார்க்ஸ்டேலை வச்சு ஒரு பெரிய ஹாலிவுட் படம் வந்து உலகமே பாத்துச்சு, ஆனா அந்த ஊர்ல ஒரு சினிமா தியேட்டர் கூட கிடையாது, படக்குழுவே வந்து ஊர் ஆடிட்டோரியத்துல திரை கட்டி போட்டுக் காட்ட வேண்டியிருந்துச்சு. அப்படிப்பட்ட ஊர்ல தினம் ராத்திரி ப்ளூஸ் நடக்குது.

அதே ஊர்ல தான் ரெட்ஸ் லவுஞ்ச். சன்ஃப்ளவர் ஆத்தோரத்துல, வெளிய பாத்தா மூடிக்கிடக்கற கோடவுன் மாதிரி இருக்கும், உள்ள சிவப்பு லைட்டு, மேடைன்னு தனியா ஒண்ணும் கிடையாது, வாசிக்கறவர் காலுக்கும் முன் வரிசைக்காரர் காலுக்கும் நடுவுல ரெண்டடி இருந்தா அதிகம். ரெட் பேடன் அதைப் பல வருஷமா நடத்தினார், 2023 டிசம்பர் கடைசில இறந்தார். போ மங்கீஸ் மாதிரியே ஆயிடும்னு பயந்தவங்க நிறைய பேர், ஆனா குடும்பம் விடாம எடுத்து நடத்துது. ரெண்டு கதைக்கும் என்ன வித்தியாசம்னு பாத்தா, இங்க அடுத்த கை ஒண்ணு ரெடியா இருந்துச்சு. இண்டியானோலால கிளப் எபனி கதையும் இது மாதிரி தான், ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட வந்த கிளப், மூடற நிலைமைக்கு வந்தப்ப 2008-ல பி.பி. கிங்கே வாங்கினார், அப்புறம் மியூசியம் கைக்குப் போச்சு, ரிப்பேர் பண்ணி திரும்பத் திறந்திருக்காங்க. நோய் எங்க இருக்கோ மருந்து அங்க தான் போகணும், பட்டா யார் பேர்ல, அடுத்தது யாரு, வார வாடகை எங்க இருந்து வரும்.

ஃபெஸ்டிவல் இதுக்கு பதில் ஆகாதுங்கறது என் கருத்து. ஏப்ரல்ல ஒரு சனிக்கிழமை ஆயிரக்கணக்குல கூட்டம் வரும், நல்ல காசு, சந்தோஷம், அது வேணும். ஆனா ஒரு பாடகருக்கு வருஷத்துக்கு ஒரு ஃபெஸ்டிவல்னா ஒரு தடவை முக்கால் மணி நேரம், செட் லிஸ்ட், சவுண்ட் செக், முன்னாடி நாற்காலில உக்காந்து போன்ல படம் எடுக்கற ஜனம். வாரம் ஒரு ராத்திரி ஜூக்ல வாசிச்சா வருஷத்துக்கு 52 ராத்திரி, ஒவ்வொண்ணும் நாலு மணி நேரம், முன்னாடி ஆடற ஜனம். டெல்டா ப்ளூஸ் கைக்கு வர்றது ரெண்டாவதுல தான்.

இதைக் கிட்டப் பாக்கணும்னா பென்டோனியா போகணும், டெல்டா முடிஞ்சு மேடு ஆரம்பிக்கற எடத்துல, யாசூ கவுண்டில, ஐநூறு பேர் கூட இல்லாத ஊரு. அங்க தண்டவாளத்தை ஒட்டி ப்ளூ ஃப்ரண்ட் கஃபே. கேரி ஹோம்ஸ், மேரி ஹோம்ஸ்னு ஒரு தம்பதி 1948-ல ஆரம்பிச்சது, மீனு, ப்ளூஸ், கள்ளச்சாராயம் மூணுக்கும் பேர் போனது. பருத்தி சீசன்ல எதிர்ல இருந்த ஜின்னிங் மில்லுல ஷிஃப்ட் ஷிஃப்டா வேலை ஓடும், கஃபேயும் ராத்திரி பகல் பாக்காம திறந்தே இருக்கும். 1970-ல இருந்து அவங்க மகன் ஜிம்மி டக் ஹோம்ஸ் நடத்துறார், அதாவது 1948-ல இருந்து ஒரே குடும்பம், ஒரே கட்டடம், ஜூக் ஜாயிண்ட்ல இன்னைக்கும் நடக்கறதுலயே பழசு இது தான்னு சொல்றாங்க.

இந்த ஊருக்குன்னு ஒரு தனி ட்யூனிங் உண்டு, அதாவது கிட்டார் ஸ்ட்ரிங்கை எந்தெந்த சுருதில முறுக்கி வைக்கறதுங்கறது. ஹென்றி ஸ்டக்கினு ஒருத்தர் முதல் உலகப் போர்ல ஃபிரான்ஸ் போனப்ப, அங்க சந்திச்ச கரீபியன் தீவுக்கார சிப்பாய்ங்ககிட்ட கத்துக்கிட்டதா சொன்னார். அவர்கிட்ட இருந்து ஸ்கிப் ஜேம்ஸ், அவர் 1931-ல விஸ்கான்சின்ல ரெக்கார்டு கொடுத்தார், அப்புறம் ஜாக் ஓவன்ஸ். ஸ்டக்கி கடைசி வரைக்கும் ஒரு ரெக்கார்டு கூட கொடுக்கல, 1966-ல போய்ட்டார். ரெக்கார்டு தான் எல்லாத்தையும் காப்பாத்துதுன்னா அவர் வாசிச்சது அதோட முடிஞ்சிருக்கணும். முடியல, ஏன்னா சின்ன வயசுல ஹோம்ஸ் அவர் வாசிக்கறதைப் பக்கத்துல இருந்து பாத்தார், அப்புறம் ஓவன்ஸ் 1997-ல இறக்கற வரைக்கும் அவர்கூட உக்காந்தார். நோட்ஸ் எழுதி வச்சு கத்துக்கிட்டது இல்ல, கையைப் பாரு, திரும்பப் பாருன்னு கத்துக்கிட்டது.

கிட்டார் வச்சிருக்கறவங்க இதை வீட்டுல செஞ்சு பாக்கலாம், நான் செஞ்சிருக்கேன். சாதாரண ட்யூனிங்ல இருந்து ரெண்டு ஸ்ட்ரிங்கை மட்டும் தொட்டா போதும், அஞ்சாவது ஸ்ட்ரிங்கை ஏ-ல இருந்து பி-க்கு, நாலாவதை டி-ல இருந்து ஈ-க்கு ஏத்துங்க, மெதுவா, இல்லன்னா அறுந்துரும். இப்ப எதையும் புடிக்காம மீட்டினா ஈ மைனர் கேக்கும், இருட்டா, ஒரு மாதிரி வயித்தைப் புடிக்கற சத்தம். மூணாவது ஸ்ட்ரிங்ல முதல் ஃப்ரெட்டைத் தட்டி எடுங்க, ஒரு நொடி மேஜர் வெளிச்சம் வந்துட்டு உடனே மைனருக்கே போயிரும். அந்தப் போற வர்ற எடத்துல தான் பென்டோனியா ப்ளூஸே உக்காந்திருக்கு. அது எத்தனை தடவை, எவ்வளவு சீக்கிரம், எப்ப விடணும்ங்கறது எந்தக் கிட்டார் குறிப்புலயும் எழுதி வைக்க முடியாது. நான் யூட்யூப் பாத்து மாசக்கணக்குல வாசிச்சேன், சத்தம் வந்துச்சு, பாட்டு வரல. ஹோம்ஸ் வாசிக்கற வீடியோல அவர் கை மட்டும் இல்லாம தோளைப் பாத்தேன், தோள் எப்ப தளருதோ அப்ப அடுத்த வரி வருது, கேமரா அதைப் பெரும்பாலும் ஃப்ரேம்லயே வைக்கறதில்ல. அந்த ரூம்ல ஒரு வாரம் உக்காந்திருந்தா முதல் நாளே கண்ணுல பட்டிருக்கும்.

அந்த ரூமுக்கு இன்னைக்கு மின்னசோட்டா, பாஸ்டன் பக்கத்துல இருந்தெல்லாம் பசங்க வந்து ஹோம்ஸ் பக்கத்துல உக்காந்து கத்துக்கறாங்க. 2019-ல ப்ளாக் கீஸ் பேண்ட்டோட டான் அவர்பாக் தயாரிச்சு ஹோம்ஸோட ஆல்பம் ஒண்ணு வந்துச்சு, கிராமி நாமினேஷன் வரைக்கும் போச்சு. 1972-ல ஆரம்பிச்ச பென்டோனியா ப்ளூஸ் ஃபெஸ்டிவலும் அவர் தலைல தான் ஓடிக்கிட்டு இருக்கு. ஹோம்ஸ் 1947-ல பொறந்தவர். உள்ளூர் கறுப்பினப் பசங்க அதிகமா வந்து உக்காராததைப் பத்தி நிறைய பேர் கவலைப்படறாங்க, எனக்கும் கவலை தான், ஆனா வழி இல்லாம இல்ல. கிறிஸ்டோன் கிங்ஃபிஷ் இங்ராம் 1999-ல கிளார்க்ஸ்டேல்ல பொறந்த பையன், டெல்டா ப்ளூஸ் மியூசியம் சாயந்திர வகுப்புல பில் பெர்ரிகிட்ட கத்துக்கிட்டு, பன்னெண்டு பதிமூணு வயசுலயே அந்த ஊர் கிளப்புல வாசிக்க ஆரம்பிச்சு, 2022-ல கிராமி வாங்கினார். அவர் வாசிக்கறது எலக்ட்ரிக், பழைய ஒத்தை கிட்டார் இல்ல, அதுல ஒண்ணும் குறை இல்ல, நான் பாக்கறது வகுப்பும் கிளப்பும் ரெண்டும் நடந்து போற தூரத்துல இருந்துச்சுங்கறதை. வகுப்பு மட்டும் இருந்திருந்தா நல்லா வாசிக்கற ஸ்டூடன்ட் வந்திருப்பான். பக்கத்துலயே ராத்திரி கூட்டமும் இருந்ததால தான் ப்ளூஸ்காரன் வந்தான்.

யாராவது அந்தப் பக்கம் போறவங்க இருந்தா ஃபெஸ்டிவல் நாளா பாத்து டிக்கெட் போடாம, கூட்டம் இல்லாத ஒரு வாரமா பாத்துப் போங்க, ஜனவரி மாதிரி. கையில ஒரு டாலர், அஞ்சு டாலர் நோட்டா சில்லறை வச்சுக்கோங்க, கதவுல கொடுக்கறது வேற, வாசிக்கறவர் பக்கத்துல ஒரு பக்கெட் இருக்கும், அதுல போடறதும் அவரோட அன்னைய கூலில சேரும். சிடி வித்தா அவர் கையால வாங்குங்க. பென்டோனியாவுல கஃபே பூட்டியிருந்தா உடனே கிளம்பிராதீங்க, ஊர் சின்னது, அக்கம் பக்கத்துல கேட்டா எப்ப திறப்பாங்கன்னு சொல்லுவாங்க.